சீட்டில் எழுதிய தங்கச்சி

கட்டிய மனைவியைத் தங்கச்சி என்று கூப்பிடுகிற ஊர் எங்களுடையது. வெளியூர் போன புருஷன் கடிதம் எழுதினால் ‘என் அருமைத் தங்கச்சிக்கு’ என்றுதான் தொடங்குவான். அடுத்த வரியில் பிள்ளைகள் சுகமா என்று கேட்பான். முன்பெல்லாம் சொத்து வெளியே போகக் கூடாது என்று கூடப் பிறந்தவளையே கட்டிக்கொண்டவர்களும் இங்கே உண்டு. ரோமாபுரிச் சட்டம் வந்து அதை நிறுத்தியது. வழக்கம் நின்றது, வார்த்தை நிற்கவில்லை. இன்றைக்கும் எகிப்து நாட்டு அர்சினோவில், எங்கள் ஊர்ச் சந்தையில் நின்று ஒருவன் “தங்கச்சி” என்று குரல் கொடுத்தால் பத்துப் பெண்டாட்டிகள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் கிறிஸ்துவின் ஆட்களாகிய நாங்கள் ஒருவரையொருவர் அண்ணன், அக்கா, தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டால் என்ன ஆகும்? எங்கள் தெரு முனையில் வாற்கோதுமைக் கள் விற்கிறவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். “ஏண்டி செனமூனி, உங்க கூட்டத்துல ஒருத்தனுக்கு எத்தன பொண்டாட்டி? கணக்கு வச்சிருக்கீங்களா, இல்ல குலுக்கிப் போட்டு எடுப்பீங்களா?” நானும் சும்மா வருவேனா? “உன் புருஷன் எங்க கூட்டத்துல இல்ல, அதனால கவலப்படாத” என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

நான் செனமூனி, விதவை. சபையில் பெண்கள் பக்கத்துக் கதவு என் பொறுப்பு. யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்று பார்த்து விடுகிற வேலை. அந்தக் கதவுக்கு வெளியே தயேசியைப் பதினாலு மாதம் நிறுத்தி வைத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நல்லவள் என்று நினைத்தோமே என்று யாரும் என்னைத் திட்ட வேண்டாம்.

தயேசி வாய்க்கால் கடைமடைக் கிராமத்திலிருந்து வந்தவள். ஒரே கோடையில் வீட்டில் எல்லோரையும் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, பதினாறு வயதில் நெசவுத் தெருவில் கூலிக்குத் தறியில் உட்கார்ந்தாள். வந்த புதிதில் சாயக் கொப்பரை கவிழ்ந்து இடது கை வெந்து, புறங்கையிலிருந்து முழங்கை வரை தழும்பு. எங்கள் விருந்துக்கு முதல் நாள் வந்தபோது கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடிமைகள் உட்காருகிற மாதிரி மூலையில் போய் உட்கார்ந்தாள். எங்கள் சபையில் அப்படி மூலை கிடையாது. எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் அம்மாவும் அந்த அம்மாவின் செக்கடிமையும் ஒரே சட்டியில் கை வைத்துச் சாப்பிடுகிற இடம் அது.

“நீ யார் வீட்டுப் பொண்ணு?” என்று கேட்டேன்.

“யாரும் இல்லைங்க.”

“அப்ப எங்க வீட்டுப் பொண்ணு. இப்படி வந்து உக்காரு. இடிக்காம உக்காரு.”

அன்று சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். பருப்புக் கஞ்சியில் உப்பு போதவில்லை, அதற்காக அழுகிறாள் என்று யாரோ சொல்ல, அவளும் சிரித்துவிட்டாள்.

இன்னொருவன் கோப்ரே. கோப்ரே என்றால் எங்கள் பேச்சில் குப்பை. வேண்டாத பிள்ளையை ஊர்க் குப்பைமேட்டில் போட்டுவிட்டுப் போவார்கள். எடுத்து வளர்க்கிறவர்கள் அந்தப் பேரையே வைத்துவிடுவார்கள், தெருவுக்கு நாலு கோப்ரே இருப்பான். இவனை எடுத்து வந்தவர்கள் எங்கள் சபை விதவைகள். ஒரு வீட்டில் பால், ஒரு வீட்டில் துணி, ஒரு வீட்டில் அடி என்று வளர்ந்தவன். பெரியவனாகிக் கழுதை ஓட்டிப் பிழைத்தான். அண்ணே, அக்கா, தங்கச்சி என்று அவன் வாயில் வராத நேரமே இல்லை. தெருவில் அரைக் காத தூரத்திலிருந்தே கூப்பிடுவான்.

“மெதுவாக் கூப்பிடேன்டா, ஊரே பாக்குது” என்று ஒருமுறை கடிந்துகொண்டேன்.

“ஒண்ணுமே இல்லாதவன்கிட்ட முந்நூறு பேரைக் கொடுத்துட்டீங்க. கூப்பிட்டுப் பாக்க மாட்டானாக்கா?” என்றான்.

அவனுக்கு முந்நூறு பேரில் தயேசி மேல் தனிப் பிரியம். ஆளில்லாதவளுக்கு ஆளில்லாதவன். அவளுக்குச் சணல் கட்டு கொண்டுவந்து இறக்குவான், அவள் அவன் சட்டையைத் தைத்துக் கொடுப்பாள். எங்களில் சில பெண்கள் கண்ணடித்துக்கொள்வார்கள். நானும்தான்.

எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெபம் முடிந்ததும் சமாதான முத்தம் கொடுப்போம். ஆண்கள் பக்கம் ஆண்களுக்கு, பெண்கள் பக்கம் பெண்களுக்கு. முன்னால் நிற்கிறவளிடம் தொடங்கி, ஒருத்தி கன்னத்திலிருந்து அடுத்தவள் கன்னத்துக்கு வந்து, கதவில் நிற்கும் என்னிடம் முடியும். முடிய வேண்டும். ஆனால் தறி முதலாளி துண்டு முடியாமல் எழ விடமாட்டான் என்பதால் தயேசி எப்போதும் பிந்தித்தான் வருவாள். எனக்கும் கதவு நிலைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் நுழைந்துகொள்வாள். ஆக, முத்தம் அவளிடம்தான் முடியும்.

“ஆண்டவரே மூணாம் நாள் எழுந்துட்டார், உனக்கு எழுந்திரிக்க இவ்வளவு நேரமா?” என்பேன்.

“அவருக்குத் தறி இல்லையேக்கா” என்பாள். கன்னத்தில் நூல் தூசு ஒட்டியிருக்கும். என் உதட்டில் அது ஒட்டும்.

அடுத்த வருஷம் பேரரசரின் ஆணை வந்தது. எல்லோரும் முதலைச்சாமி கோயிலுக்குப் போய், விசாரணைக்காரர்கள் முன்னால் தூபம் போட்டு, மது வார்த்து, பலி இறைச்சி தின்று, ‘எப்போதும் தெய்வங்களுக்குப் படைத்து வந்தேன், இப்போதும் படைத்தேன்’ என்று சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாதவனுக்குச் சிறை. தெருத் தெருவாகப் பேர் கூப்பிட்டார்கள். செக்கு வைத்திருந்த அம்மா முதல் நாளே நல்ல உடை உடுத்திக்கொண்டு போய் வாங்கிவந்தாள். சிலர் அழுதுகொண்டே போனார்கள். சிலர் பாலைவனத்துக்கு ஓடினார்கள்.

நான் மாட்டேன் என்றேன். அதைத் தைரியம் என்று நினைக்க வேண்டாம், எனக்கு அது பிறவிக் குணம். செய் என்று அதட்டினால் செய்யமாட்டேன். முதுகில் இருபது கசையடி விழுந்தது. எங்களில் பதினோரு பேரைச் சிறையில் போட்டார்கள்.

சிறையில் சாப்பாடு கொடுக்கமாட்டார்கள். வெளியே ஆள் இருந்தால் பிழைப்பு, இல்லாவிட்டால் இல்லை. வெளியே எங்கள் ஆட்கள் வந்தால் அவர்களையும் ‘சீட்டு எங்கே’ என்று பிடித்து உள்ளே தள்ளினார்கள். இரண்டு பேர் அப்படித்தான் மாட்டினார்கள். மூன்றாம் நாள் உச்சி வெயிலில் தயேசி வந்தாள். ஒரு பானைப் பருப்புக் கஞ்சி, ஒரு கட்டு வெங்காயம்.

“எப்படிடி உன்னை விட்டான்?” என்றேன்.

“பேர் கேட்டான், சொன்னேன். உள்ள போய்ப் பாத்துட்டு வந்து, போன்னான்.”

“உன்னைக் கோயிலுக்குக் கூப்பிடலியா?”

“எங்க தெருவுல எல்லாரையும் கூப்பிட்டாங்க. என்னைக் கூப்பிடல. கூலிக்காரி, விட்டுப்போச்சு போல. என்னை யாரு கணக்குல எடுப்பாக்கா?”

நாலு மாதம். ஒரு நாள் தவறாமல் அந்தக் கஞ்சி வந்தது. கூலியில் பாதிக்கு மேல் எங்கள் பதினோரு வயிற்றுக்குத்தான் போயிருக்கும். ஆண்டவர் காவல்காரனின் கண்ணைக் கட்டிவிட்டார் என்று நாங்கள் துதி பாடினோம். நான்தான் உரக்கப் பாடினேன்.

பேரரசர் எங்கேயோ போரில் செத்தார், சிறை திறந்தது. வெளியே வந்தவர்களுக்குச் சபையில் பெரிய மரியாதை. கதவுப் பொறுப்பு எனக்கு அப்படித்தான் நிரந்தரமாக வந்தது. என் முதுகுத் தழும்பைப் பற்றி யாராவது பேசினால் “அதெல்லாம் எதுக்கு” என்பேன். பேசாவிட்டால் எனக்குப் பிடிக்காது. உள்ளதைச் சொல்கிறேன்.

சீட்டு வாங்கியவர்களை என்ன செய்வது என்பதுதான் பெரிய வழக்கானது. எங்கள் மூப்பர் ஹோரியோன் கொஞ்சம் இளகிய மனுஷர். தப்பை ஒத்துக்கொண்டு மூன்று பாஸ்காத் திருநாள் வந்து போகும் வரை கதவுக்கு வெளியே, அழுவோர் வரிசையில் நிற்கட்டும், அப்புறம் ஆண்டவர் விருந்தின் அப்பத்துக்குச் சேர்த்துக்கொள்வோம், சாகக் கிடந்தால் உடனே கொடுத்துவிடுவோம் என்று தீர்ப்புச் சொன்னார். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எதுவும் இல்லை. ஊர்ப் பதிவுச்சாலையில் எழுதுகிற எங்கள் சபைச் சகோதரர் ஒருவர் சீட்டு வாங்கியவர்கள் பட்டியலைப் படியெடுத்து வந்தார். மூப்பர் அதைச் சபை நடுவில் வாசித்தார்.

“கோப்ரே, கழுதை ஓட்டுகிறவன். அவனுடைய தங்கச்சியும் மனைவியுமான தயேசி, நெசவுத் தெரு, இடது கையில் தழும்பு.”

பெண்கள் பக்கம் சலசலப்பு. முதலைச்சாமிக்குப் படைத்தது ஒரு தப்பு. சபைக்குத் தெரியாமல் அவனோடு குடித்தனம் நடத்தியது இன்னொரு தப்பு. கோப்ரேயைக் கேட்கலாம் என்றால் ஆள் ஊரில் இல்லை. நாங்கள் சிறையில் இருந்தபோதே பாலைச்சோலை ஊர்களுக்குப் போகிற வணிகர் கூட்டத்தோடு கழுதைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்றும் தயேசி பிந்தித்தான் வந்தாள். இடுக்கில் நுழையப் போனவளை நான் கையை நீட்டி மறித்தேன்.

“சீட்டுல உன் பேர் இருக்கு.”

“எந்தச் சீட்டுல?”

“கோயில் சீட்டுல. தழும்பு முதற்கொண்டு எழுதியிருக்கு.”

“நான் கோயில் பக்கமே போகலையேக்கா.”

“அப்ப ஆவி வந்து எழுதிச்சா? கோப்ரேயோட சேத்து எழுதியிருக்கு. தங்கச்சியும் மனைவியும்னு.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அவள் முகம் மாறியது. கண் எங்கேயோ போய்த் திரும்பி வந்தது.

“கோப்ரே வரட்டும்” என்றாள். அவ்வளவுதான்.

எத்தனை முறை கேட்டும் அதே பதில்தான். ஞானமுழுக்குக்கு முன்னால் பெண்களுக்குப் பாடம் சொல்கிறவள் நான். ‘உன் தப்பை நீ அவிழ், அடுத்தவன் தப்பை அவனே அவிழ்க்கட்டும்’ என்பது அந்தப் பாடத்தில் ஒன்று. அவளுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புருஷன் வரட்டும் என்று காத்திருக்கிற பெண்டாட்டியின் பேச்சாகத்தான் கேட்டது.

“ஒருதரம் ஆமாம்னு சொல்லிடேன்டி” என்று ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். “செக்குக்கார அம்மாவே ஒத்துக்கிட்டு வரிசையில நிக்குறா. மூணு பாஸ்கா. கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள போயிடும்.”

“செய்யாததைச் செஞ்சேன்னு சொன்னா அது பொய் இல்லையாக்கா? பொய் சொல்லி உள்ள வந்து நான் எதைத் திங்கிறது?”

“அப்ப வெளியவே நில்லு.”

நின்றாள். அழுவோர் வரிசையில்கூட அவளுக்கு இடமில்லை, ஒத்துக்கொண்டவர்களுக்குத்தான் அந்த வரிசை. தெருவுக்கு எதிர்ப்புறம் காட்டத்தி மரத்தடியில் கழுதைகள் தண்ணீர் குடிக்கிற தொட்டி இருக்கிறது. வாரம் ஒருமுறை நாங்கள் கூடுகிற ஒவ்வொரு ஆண்டவர் நாளும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பாள். உள்ளே ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொன்ன பிறகு, ஒரு மூச்சு தாமதித்து, தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஆமென் வரும். வெளியில் நின்றும் பிந்துகிறாளே என்று பெண்கள் சிரித்தார்கள். ஒருமுறை காணிக்கையாக வெங்காயக் கட்டு ஒன்று கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். விழுந்தவர்களின் காணிக்கையை வாங்கக் கூடாது என்பது விதி. எடுத்துக்கொண்டு போ என்றேன். வெங்காயம், அதுவும் அவள் கையால்! எந்த வாயால் அதைச் சொன்னேனோ.

மூப்பர் இரண்டு முறை வணிகர்களிடம் கோப்ரேக்குச் சொல்லி அனுப்பினார். ஊருக்கு வா, உன்னைக் கேட்க வேண்டியது இருக்கிறது என்று. பதில் வரவில்லை.

அதற்கு மறு வருஷம் கொள்ளை நோய் வந்தது. வயிறு கழன்று, கண் சிவந்து, ஆறேழு நாளில் ஆளை முடிக்கிற நோய். பெற்றவர்கள் பிள்ளையை விட்டு ஓடினார்கள். பிணம் தூக்குகிறவர்களே ஓடிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் ஓடவில்லை, அதைப் பெருமையாகவே சொல்வேன். தண்ணீர் கொடுத்தோம், கழுவினோம், புதைத்தோம். எங்களுக்கெல்லாம் முன்னால் போனவள் தயேசி. எங்கள் கதவுக்குள் வர முடியாதவள், ஊரில் எல்லார் கதவுக்குள்ளும் போனாள். அந்தக் கள்ளுக்கடைக்காரிக்குக்கூட அவள்தான் வாயில் தண்ணீர் விட்டு, கண்ணை மூடிவிட்டாள். பிறகு அவளே படுத்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் ஹோரியோன் என்னைக் கூப்பிட்டார். அப்பத் துண்டைச் சணல் துணியில் சுற்றி என் கையில் வைத்தார்.

“இனிமே தாங்காது. போய்க் கேளுங்கக்கா. ஆமாம்னு ஒரு வார்த்தை போதும், தலையை அசைச்சாலும் போதும். கொடுத்துட்டு வந்துருங்க.”

“அசைக்கலைன்னா?”

அவர் தரையைப் பார்த்தார். “அசைப்பா” என்றார்.

நான் போனபோது உச்சி வெயில். தறிக்குக் கீழே பாயில் கிடந்தாள். தறியில் பாதி நெய்த துண்டு அப்படியே இருந்தது. உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“அக்கா, நீங்க பிந்தி வந்துட்டீங்க” என்றாள்.

“அப்பம் கொண்டு வந்திருக்கேன்டி. ஒத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. தலையை மட்டும் ஆட்டு. நான் பாத்துக்கறேன்.”

அவள் துணிச் சுருளையே பார்த்தாள். “நான் போகலக்கா” என்றாள்.

“சாகப் போறப்பவும் பிடிவாதமா?”

“உங்ககிட்டேருந்து வந்ததுதான்.” சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது. அடங்கியதும் என் முந்தானையைப் பிடித்தாள். “அப்பம் வேணாம். முத்தம் மட்டும் குடுங்க. அதுக்கு விதி இருக்கா?”

இருந்தது. அப்பம் பெற முடியாதவளுக்குச் சமாதான முத்தமும் கிடையாது. ஆனால் அந்த அறையில் அதை எனக்குச் சொல்ல யாரும் இல்லை. நானே எனக்குச் சொன்னேன். என் முதுகில் இருபது அடி விழுந்தபோது தயேசி, நீ கோயிலில் எதைத் தின்றுகொண்டிருந்தாய் என்று ஒரு குரல் எனக்குள் கேட்டது. அது என் குரல்தான். நோய்க்குப் பயந்தேன் என்று சொன்னாலாவது கொஞ்சம் மன்னிக்கலாம். பயம் இல்லை. அவளுக்கு மேலே நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

“ஆமாம்னு சொல்லு, குடுக்கறேன்” என்றேன்.

அவள் முந்தானையை விட்டுவிட்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, அவள் முதுகைத் துடைத்துவிட்டு, அப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்தேன். வெயில் தாழ்வதற்குள் உயிர் போய்விட்டது. கழுவிப் புதைத்தோம். யாரைத்தான் நாங்கள் புதைக்கவில்லை? ஆனால் எங்கள் வரிசையில் அல்ல, வெளியாட்களைப் புதைக்கும் மேட்டில். ஆண்டவருக்குள் தூங்கினவர்கள் என்று செத்துப்போன எங்கள் ஆட்களின் பேர்களை விருந்தில் வாசிக்கும்போது அவள் பேர் வாசிக்கப்படவில்லை.

இருபது நாள் கழித்துக் கோப்ரே வந்தான். காலையில் கதவுக்கு முன்னால் பெருக்கிக்கொண்டிருந்தேன். “அக்கா” என்று அதே அரைக் காதக் குரல். ஆள் பாதியாக இளைத்திருந்தான். கழுதை மேல் ஒரு கூடை பேரீச்சம்பழம்.

“ஊர்ல நோய்னு சொன்னாங்க. எனக்கு இருப்புக் கொள்ளல. அடிச்சாலும் சரி, வெளிய நிறுத்தினாலும் சரின்னு வந்துட்டேன். நல்லா இருக்கீங்களாக்கா? தங்கச்சி எங்க? தறிப் பக்கம் போனேன், பூட்டியிருக்கு.”

“உன் பெண்டாட்டி செத்து இருபது நாள் ஆச்சு” என்றேன். அவ்வளவு கோபம் எனக்கு அவன் மேல்.

“யாரு பெண்டாட்டி?” என்றான். உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். அவள் நின்ற அதே இடத்தில். பழக்கூடை சரிந்து கழுதை தின்றது. ஓட்டக்கூட இல்லை.

அங்கே உட்கார்ந்தபடியே அவனாகச் சொன்னான்.

“நான்தாங்கக்கா போனேன். அவ வரல. அன்னிக்கு ஒரே கூட்டம். தூபம் போட்டேன், தின்னேன், எல்லாம் செஞ்சேன். உங்களை இழுத்துட்டுப் போனதைப் பாத்தப்பவே எனக்குப் பயம் புடிச்சுக்கிச்சு. எழுத்துக்காரன் வீட்டுல யாருன்னு கேட்டான். நான் யாரைச் சொல்லுவேன்? எந் தங்கச்சி தயேசின்னு சொன்னேன். அவன் தலையை நிமிர்த்தாமலே, ‘பொம்பளைங்க வரலன்னா பரவால்ல, புருஷன் சொன்னாப் போதும், அடையாளம் என்ன’ன்னான். அவன் பெண்டாட்டின்னு நினைச்சுக்கிட்டான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அண்ணன்னு சொன்னா அவளைக் கூட்டிட்டு வரச் சொல்லுவான். நான் வாயைத் திறக்கல. தழும்பைச் சொன்னேன்.”

“ஏன்டா சொன்னே? எதுக்கு அவளை இழுத்தே?”

“பேர் இருந்தா அவளைக் கூப்பிட மாட்டாங்கல்ல. நீங்க பதினோரு பேர் உள்ள இருக்கீங்க. அவளையும் புடிச்சுட்டா உங்களுக்குக் கஞ்சி யாரு கொண்டு போவா? படைச்சுத் தின்ன நான் எந்த முகத்தோட உங்க முன்னால வந்து நிப்பேன்? காவக்காரன் பட்டியலைப் பாத்துத்தான் உள்ள விடுவான்னு எனக்குத் தெரியும்.”

நான் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேர் கேட்டான், உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, போ என்றான். அவளே சொன்னாளே. நாலு மாதம் நான் தின்றது அந்தச் சீட்டை. அதில் பிழைத்து எழுந்து வந்து, அதே சீட்டைக் காட்டி அவளை வெளியே நிறுத்தினேன்.

“மூப்பர் ரெண்டு தடவ ஆள் அனுப்பினாரே, ஏன்டா வரல?”

“உன்னைக் கேக்கணும்னு சொல்லி அனுப்பினீங்க. என்னைக் கேக்கத்தான்னு ஒளிஞ்சுக்கிட்டேன். அவளைக் கேக்குறீங்கன்னு தெரியாதேக்கா.” முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு என்மேல் கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான். “எழுத்துக்காரன் வெளியாளு. அவனுக்குத் தங்கச்சின்னா பொண்டாட்டி. நீங்களும் அப்படியாக்கா படிச்சீங்க?”

பட்டியலில் தங்கச்சி என்றும் இருந்தது, மனைவி என்றும் இருந்தது. முதல் வார்த்தை கோப்ரே சொன்னது, இரண்டாவது எழுத்துக்காரன் சேர்த்தது. முப்பது வருஷமாக அந்த வார்த்தைக்கு எங்கள் பொருள் என்ன என்று வருகிற பெண்களுக்கெல்லாம் பாடம் சொன்னவள் நான். அந்த வரியைக் கேட்டபோது, கள்ளுக்கடைக்காரி எப்படி எடுத்துக்கொள்வாளோ அப்படி எடுத்துக்கொண்டேன். கள்ளுக்கடைக்காரியாவது கடைசியில் அவள் கையால் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

கோப்ரே சபை நடுவில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னான். இப்போது அழுவோர் வரிசையில் நிற்கிறான். ஹோரியோன் வாய்விட்டு அழுதார். புதைத்ததைத் தோண்டி எடுக்க நோய்க் காலத்தில் அனுமதி இல்லை, மேட்டிலேயே இருக்கட்டும் என்று ஆயிற்று. கதவுப் பொறுப்பை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று கேட்டேன். நீங்கள் விதிப்படிதானே செய்தீர்கள் என்று மூப்பர் சொன்னார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த வெறுப்பு இன்னும் முழுவதும் போகவில்லை.

போன ஆண்டவர் நாள், தூங்கினவர்களின் பேர்களோடு முதல்முறையாக அவள் பேரையும் வாசித்தார்கள். முத்தம் முன்னாலிருந்து ஒவ்வொருத்தியாக வந்து என்னிடம் நின்றது. எனக்கும் நிலைக்கும் நடுவில் அந்த இடுக்கில் இந்தப் பாஸ்காவுக்கு முழுக்குப் பெற்ற ஒரு மீன்காரி நின்றிருந்தாள். சந்தை முடிந்து பிந்தி வந்தவள். அவளுக்கு முத்தம் கொடுத்தேன். அப்புறம் பேர்களை வாசித்தார்கள்.

“எங்கள் தங்கச்சி தயேசி” என்றார் வாசிப்பவர். நான் ஆமென் சொன்னேன். ஒரு மூச்சு தாமதித்து, தெருப் பக்கம் காது கொடுத்தேன். தொட்டியில் கழுதை தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

மீன்காரி என் தோளைத் தொட்டாள். ஊர்ப் பேச்சு இன்னும் அவளை விட்டுப் போகவில்லை.

“யாரோட தங்கச்சிக்கா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“என்னோட தங்கச்சி” என்றேன். பதினாலு மாதமும் ஒரு நண்பகலும் அவளிடம் சொல்லாமல் இருந்துவிட்டு, அவளைக் கண்ணால் கண்டிராத ஒருத்தியிடம் சொன்னேன்.